19-ஆ 22-ஆ? இடுப்பு அளவில்தான் சிக்கல்

34 வயது, 170 செ.மீ., 72 கிலோ. உடல் கொழுப்பு ஒரு கணிப்பானில் 19 சதவீதம், இன்னொன்றில் 22, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள்.

22 சொன்னது எடை, உயரம், வயது, பாலினம் மட்டும் கேட்டதல்லவா? அது பிஎம்ஐயிலிருந்து (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) போட்ட கணக்கு. உங்கள் தொப்பையை அது பார்க்கவே இல்லை. 19 சொன்னது அமெரிக்கக் கடற்படைச் சூத்திரம். ஆண்களுக்கு இடுப்பிலிருந்து கழுத்தைக் கழித்து, உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடும். இது பரவாயில்லை, ஆனால் நீங்கள் கொடுத்த 34 அங்குலம் பேண்ட் சைஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தப்பு. பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும், சூத்திரம் கேட்பது தொப்புள் மட்டத்து அளவு.

உங்கள் கழுத்து 37 செ.மீ. என்றே வைத்து நான் போட்டுப் பார்த்தேன். இடுப்பு 86 செ.மீ. (உங்கள் 34 அங்குலம்) என்றால் 19 வருகிறது, 92 என்றால் கிட்டத்தட்ட 24. ஆறு சென்டிமீட்டருக்கு இவ்வளவு வித்தியாசம்!

காலையில் வெறும் வயிற்றில், தையல் நாடாவால், மூச்சைச் சாதாரணமாக விட்டபின் அளந்து பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம் (நானும் எக்கியவன்தான்). கழுத்தைக் குரல்வளை முடிச்சுக்குச் சற்றுக் கீழே அளக்கவும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அப்போதும் மூன்று நான்கு புள்ளி முன்பின் இருக்கும்.

கொழுப்பு காட்டும் எடை மெஷின் இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர் குடித்தாலே அதன் எண் மாறும். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தொப்புள் அளவு எவ்வளவு வந்தது என்று போடுங்கள், பார்க்கலாம்.