'வாய்ப்புள்'னா என்ன அர்த்தம்? அந்தச் சொல் எப்படி வந்துச்சு?

இதை வாய்ப்பு + உள்னு பிரிக்கிறவங்க நிறைய பேர், அது இல்லங்க. வாய் + புள். புள்னா பறவை.

பறவை பறக்குற திசை, கத்துற சத்தம் இதெல்லாம் வச்சு நடக்கப்போறதைப் பார்த்திருக்காங்க, அதனால புள்ங்கிற சொல்லுக்கே போகப்போக சகுனம், நிமித்தம்னு அர்த்தம் ஏறிருச்சு. புறநானூறு 20-ல சேர மன்னனைப் பாடுறப்போ "புதுப்புள் வரினும் பழம்புள் போகினும்"னு வரும். ஊருக்குள்ள புதுப் பறவை வந்தாலோ பழைய பறவை கிளம்பிப் போனாலோ கெட்ட சகுனம், ஆனா உன் காவல்ல இருக்குற ஜனங்க அதுக்கெல்லாம் பதறுறதில்லன்னு அர்த்தம். இன்னைக்கும் காக்கா கரைஞ்சா விருந்தாளி வருவாங்கன்னு சொல்றோமே, குறுந்தொகை 210-லயே இருக்கு அது. லத்தீன்லயும் இதே கதைதான், அவிஸ்னா பறவை, அதுலேர்ந்து பொறந்த சொல் வழியாத்தான் இங்கிலீஷ்ல ஆஸ்பீஷியஸ், அதாவது மங்களகரமானதுங்கிற சொல், வந்துச்சு.

அப்போ வாய்ப்புள்? பறவைகிட்டேர்ந்து வராம மனுஷங்க வாயிலேர்ந்து வர்ற சகுனம். ஆனா சொல்றவங்களுக்கு அது சகுனம்னே தெரியக்கூடாது, அவங்க வேற எதையோ பேசிட்டிருக்கணும், அது நம்ம காதுல தற்செயலா விழணும். அப்படி ஒரு சொல்லுக்காகப் போய் காத்து நிக்கிறதுக்கு 'விரிச்சி நிற்றல்'னு பேரு. குறுந்தொகை 218-ல தலைவி "புள்ளும் ஓராம் விரிச்சியும் நில்லாம்"னு, அதாவது பறவைச் சகுனமும் பார்க்கமாட்டோம், விரிச்சிக்கும் போய் நிக்கமாட்டோம்னு, ரெண்டையும் தனித்தனியா சொல்றா பாருங்க.

இந்தச் சொல் அப்படியே உயிரோட இருக்குற இடம் முல்லைப்பாட்டு. 103 அடிதான், பத்துப்பாட்டுலயே சின்னது, நப்பூதனார் எழுதினது. மழைக்கால சாயங்காலம், புருஷன் போருக்குப் போயிட்டான், வீட்டுல ஒருத்தி தவிச்சுக்கிட்டு இருக்கா. வயசான பொம்பளைங்க நாழில நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கிட்டு ஊர் ஓரமா போய், தூவிட்டு, கும்பிட்டு நிக்கிறாங்க. அங்க சின்னக் கயித்துல கட்டின இளங் கன்னுக்குட்டி ஒண்ணு தாய்ப்பசுவைக் காணாம அலமந்துகிட்டு இருக்கு, ஒரு ஆயர் பொண்ணு குளிர்ல நடுங்கிக்கிட்டு கையைத் தோள்ல கட்டிக்கிட்டு அந்தக் கன்னுகிட்ட சொல்றா: "இன்னே வருகுவர் தாயர்". உங்கம்மா இப்ப வந்துருவான்னு. அவ்ளோதான். கன்னுக்குச் சொன்ன ஆறுதல்! அதைக் கேட்ட பாட்டிங்க ஓடி வந்து, நல்ல வாய்ப்புள் கேட்டோம், உன் புருஷன் ஜெயிச்சுட்டு வர்றது உறுதி, அழாதேங்குறாங்க. எத்தனை தடவை படிச்சாலும் இந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிரும்.

ஜாதகம், ஆரூடம் எல்லாத்துக்கும் கணக்கு வேணும், அதைச் சொல்ல ஒருத்தர் வேணும். இதுக்கு யாரும் வேண்டாம், தெருவுல போற வார்த்தை போதும், அதான் எனக்கு இந்தச் சொல் மேல இவ்ளோ பாசம்.

சொல்லுதான் வழக்கத்துல இல்ல, பழக்கம் இருக்கு. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னைக்கு எங்க அப்பாயி காலைலேர்ந்து திண்ணைல உக்காந்து பச்சைத் தண்ணி கூட குடிக்கல, வீட்டுல யாரையும் 'இல்ல', 'போச்சு'னு ஒரு வார்த்தை சொல்ல விடல. பதினொரு மணி இருக்கும், எதிர்த்தாப்ல பஸ்ஸுக்கு நின்ன அம்மா அழற பிள்ளைய இடுப்புல வச்சு ஆட்டிக்கிட்டே "வந்துரும்டா சாமி, வந்துரும், நல்லபடியா வீட்டுக்குப் போயிரலாம்"னுச்சு. அப்பாயி சட்டுனு எந்திரிச்சு அந்தத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, உள்ள வந்து "நல்ல வாக்கு வந்துருச்சுடா, கொஞ்சம் காப்பி போடச் சொல்லு"ன்னாங்க.