சீனக் கல்லும் சிலேடையும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சீனாவின் சிங் அரசமரபுக் காலத்து ஜேட் கல் பதக்கங்களின் படங்களைப் பார்த்தேன். பலவற்றில் வௌவால்கள் உள்ளன; ஒன்றில் வௌவாலுடன் பீச் பழமும் இருக்கிறது. பாழடைந்த வீட்டோடு நாம் சேர்த்து நினைக்கும் உயிரினத்தைச் சீனர்கள் ஏன் அணிந்தார்கள்? இதற்குத் தொன்மக்கதை ஏதும் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வௌவாலுக்குக் காரணம் கதையில் இல்லை, ஒலியில் இருக்கிறது. வௌவாலைக் குறிக்கும் 'பியென்ஃபூ' என்ற சீனச் சொல்லின் பின்பாதியும், நற்பேற்றைக் குறிக்கும் 'ஃபூ' என்ற சொல்லும் உச்சரிப்பில் சற்றும் வேறுபடாதவை. ஆகவே ஐந்து வௌவால்களைச் செதுக்கினால் அது நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், அறத்தில் நாட்டம், இயற்கையான முடிவு என்னும் ஐந்து பேறுகளைக் குறிக்கும். பீச் பழம் அப்படிப்பட்டதல்ல. சீனத் தொன்மத்தின் பெண் தெய்வமான மேற்கின் அரசியன்னையின் தோட்டத்தில் பழுக்கும் சாவாமைக் கனி என்ற தொன்மத்திலிருந்தே அது நீண்ட ஆயுளின் சின்னமாயிற்று. நீங்கள் கண்ட பதக்கத்தில் ஒன்றைக் காதால் அறிய வேண்டும், மற்றொன்றைக் கதையால் அறிய வேண்டும். எல்லா உருவத்திலும் சிலேடையைத் தேடுவதும் பிழை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆயினும் என் மனம் அதிகம் ஈடுபடுவது ஒலிவிளையாட்டில்தான். நடுவில் துளையுள்ள பழங்காசின் அருகே வௌவால் இருந்தால், 'காசு' என்பதற்கும் 'முன்' என்பதற்கும் ஒலி ஒன்றே என்பதாலும், காசின் துளையைக் கண் என்பதாலும், 'நற்பேறு கண்முன்னே' என்று முழு வாக்கியமே கிடைத்துவிடுகிறது. குதிரைமேல் குரங்கு அமர்ந்திருந்தால் அது பதவியை நாடுபவருக்கான வாழ்த்து. 'குதிரைமேல்' என்னும் தொடருக்கு 'உடனே' என்றும் பொருளுண்டு, குரங்கின் பெயரோ பிரபுப் பட்டத்தின் பெயரோடு ஒத்து ஒலிக்கிறது.

சாதாரண எஃகுக் கத்தி கீற முடியாத அளவு கடினமான கல் ஜேட். அதைவிடக் கடினமான மணலைக்கொண்டு சிறிது சிறிதாகத் தேய்த்தே உருவத்தை வெளிக்கொணர வேண்டும். பேச்சில் ஒரு நொடியில் கடந்துபோகும் சொல்விளையாட்டுக்காக இத்தனை உழைப்பைத் தந்தவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இந்த மரபின் உச்சமாக நான் கருதுவது, உருவமே செதுக்கப்படாத வெற்றுப் பதக்கம். 'அலங்காரம் இல்லை' என்பதும் 'தொல்லை இல்லை' என்பதும் சீனத்தில் ஒரே ஒலி. அதனால் வெறுமையாக விடப்பட்ட கல்லும், அணிபவர் இன்னலின்றி வாழ வேண்டும் என்ற வாழ்த்தாகிறது.