கூப்பிட்டால் வராத கருப்பன்

கேள்வி: எங்கள் வீட்டில் 14 மாதமான சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறது. பெயர் கருப்பன். வீட்டுக்குள் சொன்ன பேச்சைக் கேட்பான். காலையில் கரிசல் காட்டுப் பக்கம் கூட்டிப்போய் அவிழ்த்துவிட்டால், திரும்பக் கூப்பிடும்போது வருவதில்லை. பத்தடி தள்ளி நின்று பார்ப்பான். கிட்டே போனால் ஓடுவான். முயலையோ மயிலையோ கண்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து அவனாக வரும்போது என் மாமனார் துண்டை முறுக்கி இரண்டு போடுவார். அப்படியும் திருந்தவில்லை. ஷாக் அடிக்கும் கழுத்துப்பட்டை வாங்கலாம் என்கிறார் கணவர். வாங்கலாமா? இந்த வயதுக்கு மேல் பழக்க முடியுமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: பழக்கலாம். அந்தக் கழுத்துப்பட்டை வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் மாமனாரின் துண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஓடிப்போனதற்காக அவர் அடிக்கிறார். கருப்பனுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அடி விழுவதற்குச் சற்று முன் அவன் செய்த காரியம், உங்களிடம் திரும்பி வந்தது. அதற்குத்தான் அடி என்று அவன் புரிந்துகொள்கிறான். சரி, அடியே விழாத நாளில் என்ன நடக்கிறது? ‘வா’ என்கிறீர்கள், வருகிறான், சங்கிலியை மாட்டுகிறீர்கள், வீடு. தெருவில் விளையாடும் பிள்ளையை வீட்டுப்பாடம் எழுத மட்டுமே கூப்பிட்டால் அது எத்தனை நாள் ஓடி வரும்? பத்தடி தள்ளி நின்று உங்களைப் பார்க்கிறானே, அதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். வந்தால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான்.

ஆகவே, பழைய ‘வா’வை அப்படியே கைவிட்டுவிடுங்கள். அது கெட்டுப்போய்விட்டது. ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைப்பதே போதும். விசிலில் கோபம் தெரியாது. நீங்கள் ஊதினாலும் கணவர் ஊதினாலும் ஒரே சத்தம். காற்றடிக்கும் வெட்டவெளியில் குரலைவிடத் தூரம் போகும்.

முதல் வாரம் காட்டுப் பக்கமே அவிழ்த்துவிட வேண்டாம். காலையும் மாலையும் சோறு வைக்கும்போது இரண்டு சின்ன ஊதல், உடனே தட்டு. இடையில் வீட்டுக்குள் சும்மா படுத்திருக்கும்போது ஒருமுறை ஊதி, ஒரு துண்டு கோழி ஈரல். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்கியது. இந்த ஈரல் விசிலுக்கு மட்டும்தான். வேறு எதற்கும் தரக்கூடாது. (கோவில்பட்டிக்காரர் என்பதால் கை கடலைமிட்டாய்ப் பக்கம் போகும். அது உங்களுக்கு.) ஊதிய மறுகணம் தலையைத் திருப்பி, காது விடைக்க உங்களைத் தேடுகிறான் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்தது நீளக் கயிறு. பத்து மீட்டர் பருத்திக் கயிறு போதும். அதைக் கழுத்தில் கட்டாதீர்கள். சிப்பிப்பாறை நின்ற இடத்திலிருந்து அம்புபோலக் கிளம்பும் இனம். கயிறு தீரும் இடத்தில் அந்த வேகம் முழுவதும் கழுத்தில் இறங்கும். போதாததற்குத் தலை ஒடுங்கியது, சாதாரணப் பட்டையை உருவிக்கொண்டு போய்விடும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையை வாங்கி, கயிற்றை அதில் கட்டுங்கள்.

இனி முக்கியமான இடம். கருப்பன் கயிற்றோடு மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான். மூக்கைத் தரையிலிருந்து எடுக்கும் நேரம் பார்த்து ஒரே ஒரு முறை ஊதுங்கள். வந்தால் ஈரலை நீட்டிய கையில் காட்டாதீர்கள். காட்டினால் கையெட்டும் தூரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டிப் பறித்துக்கொண்டு போவான். உங்கள் முழங்காலை ஒட்டி, தாழ்வாகப் பிடியுங்கள். அவன் தின்னும்போதே மற்றக் கை தாடைக்கு அடியில் போய்ப் பட்டையை மெல்லப் பிடிக்கட்டும். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோனால் பின்வாங்குவான். பிடித்தபடியே இன்னொரு துண்டு. பிறகு விட்டுவிட்டு, ‘போ’ என்று சொல்லுங்கள், மறுபடி மோப்பம் பிடிக்கட்டும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை இப்படித் திருப்பி அனுப்ப வேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்துவிடாது என்பது அவனுக்கு உறைக்க வேறு வழி கிடையாது. வழக்கமாக எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான்.

வராவிட்டால்? திரும்பத் திரும்ப ஊதாதீர்கள்; அந்தச் சத்தம் காதில் விழுந்தும் விழாததாகிவிடும். கயிற்றை இழுக்கவும் வேண்டாம், அவன் எங்கும் போய்விடாமல் பிடித்திருந்தால் போதும். எதிர்ப்பக்கமாக நாலு எட்டு ஓடுங்கள் அல்லது குத்துக்காலிட்டு உட்காருங்கள். துரத்தினால் ஓடுவான், ஓடினால் துரத்துவான். அது நாய் குணம். வரமாட்டான் என்று உங்களுக்கே தெரியும் நேரத்தில் விசிலை எடுக்காமல் இருப்பதும் பயிற்சிதான்.

நன்றாகப் பழகிய பிறகு ஈரலை ஒவ்வொரு முறையும் தர வேண்டியதில்லை. சில முறை ஒரு துண்டு, சில முறை வெறும் தட்டிக்கொடுப்பு, எப்போதாவது ஒரு கைப்பிடி. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோது பழக்கம் இன்னும் ஊன்றி நிற்கும். ஸ்கின்னர் போன்ற உளவியலாளர்கள் இதைப் புறாக்களிடமும் எலிகளிடமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால், சில மாதங்களாவது போகட்டும், அவசரம் வேண்டாம்.

முயல் விஷயத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாட வளர்க்கப்பட்ட இனம். ஓட்டம் பிடித்த பிறகு உங்கள் விசிலும் ஒன்றுதான், காற்றின் சத்தமும் ஒன்றுதான். ஓடுவதற்கு முன் ஒரு நொடி இருக்கிறது: நடை நின்றுவிடும், கழுத்து உயரும், காதுகள் நிமிரும், வால் அசையாது. ஊதவேண்டிய நேரம் அது. அதைத் தவறவிட்டால் காத்திருப்பதுதான் வழி. விளையாட்டாகக்கூட முயலை விரட்டவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். மயிலைத் தொட்டால் வழக்கு இன்னும் பெரிது.

இப்போது ஷாக் பட்டை. கருப்பன் ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கணவர் பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி எங்கிருந்து வந்தது என்று அவன் நினைப்பான்? அந்த ஆட்டிடமிருந்து என்று நினைக்கலாம். அடுத்த முறை ஆட்டைக் கண்டால் மிரள்வான் அல்லது பாய்வான். கிடை போடும் ஊரில் இது வம்பை விலைக்கு வாங்குவது. வேல்ஸ் நாட்டில் இத்தகைய பட்டையை 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

14 மாதம் என்பது நாய்க்கு விடலைப் பருவம். இரண்டு நாள் ஒழுங்காக வருவான், மூன்றாம் நாள் நீங்கள் யார் என்று கேட்பதுபோல் பார்ப்பான். அக்கம்பக்கத்துப் பெண் நாய்கள் பருவத்துக்கு வரும் நாட்களில் கயிறு கட்டாயம். நான்குவழிச் சாலையின் சத்தம் கேட்கும் தூரத்தில் எந்த நாளும் கட்டாயம், எவ்வளவு பழகியிருந்தாலும் சரி. வெளியே சுற்றும் நாய் என்பதால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் மறக்காமல் போட்டுவிடுங்கள். பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிவையுங்கள்.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். ஈரல் டப்பாவை அவர் கையிலேயே கொடுத்து, மாலைப் பயிற்சியை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். கருப்பன் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் அவர் ஒரு துண்டு கொடுக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டாவது.