லாம்டாவில் சிக்கிய தம்பிக்கு

தம்பி,

ஜாவா இன்டர்வியூவில் 'ஒரு லாம்டாவை (பெயரில்லாத சின்ன ஃபங்ஷனை) வேரியபிளில் வைத்துக் காட்டு' என்றதும், டைப்பை கம்பைலரே கண்டுபிடிக்கட்டும் என்று விடும் 'வார்' சொல்லில் தொடங்கி எழுதினாய். கம்பைலர் ஏற்கவில்லை, காரணமும் சொல்ல வரவில்லை. அதனால் ஜாவாவை விட்டுவிட்டு கோட்லின் மொழிக்குப் போய்விடலாமா என்று கேட்கிறாய். இந்தக் காரணத்துக்காகப் போகாதே.

ஜாவாவுக்கு லாம்டா வந்தது 2014-இல், எட்டாம் பதிப்பில். அப்போது ஃபங்ஷனுக்கென்று தனி டைப் எதையும் சேர்க்கவில்லை. அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (உள்ளே கோட் எழுதாமல் அறிவிப்பு மட்டும் உள்ள மெத்தட்) ஒன்றே ஒன்று உள்ள இன்டர்ஃபேஸ்தான் லாம்டாவுக்கு டைப். அது எந்த இன்டர்ஃபேஸ் என்று தெரிந்துகொள்ள லாம்டா சமக்குறிக்கு இடப்பக்கம் பார்க்கும். 2018-இல் வந்த 'வார்' வலப்பக்கம் பார்க்கும். இரண்டையும் ஒரே வரியில் வைத்தால் யார் டைப்பைச் சொல்வது? உன் எரர் அதுதான். வைத்ததைக் கூப்பிடவும் அந்த இன்டர்ஃபேஸின் மெத்தட் பெயர் தெரிய வேண்டும்: ஃபங்ஷன் என்ற இன்டர்ஃபேஸுக்கு அப்ளை, பிரெடிகேட்டுக்கு டெஸ்ட், சப்ளையருக்கு கெட். மூன்று ஆர்கியுமென்ட் வாங்குவதற்குப் பொதுவான இன்டர்ஃபேஸ் ஜாவாவோடு வருவதில்லை, நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

கோட்லினில் ஃபங்ஷனுக்கே டைப் உண்டு. 'இன்ட் வாங்கி இன்ட் தரும்' என்பதை ஓர் அம்புக்குறியில் எழுதிவிடலாம். வேரியபிள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டால் ஓடும். வெளியே உள்ள ஒரு கவுன்ட்டரை லாம்டாவுக்குள்ளிருந்து கூட்டவும் விடும், லோக்கல் வேரியபிள் என்றால் ஜாவா விடாது. உண்மையிலேயே சுகமான மொழி. ஆனால் ஜாவா புரோகிராம்களை ஓட்டும் ஜேவிஎம்மில் ஓடும்போது கோட்லினின் லாம்டாவும் அடியில் ஓர் இன்டர்ஃபேஸ்தான், அதன் மெத்தட் பெயர் இன்வோக். ஜாவாவின் வழி தெரிந்தவனுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரியும்.

ஆண்ட்ராய்டு வேலைதான் உன் ஆசை என்றால் கோட்லின் கட்டாயம். 2019-லிருந்து கூகுளே அங்கே அதைத்தான் முதலில் வைக்கிறது. சர்வர் பக்கம் என்றால் ஜாவாவை உறுதியாகப் பிடித்துக்கொள்.

எதுவானாலும் இந்த வாரம் ஒரு சின்னக் கால்குலேட்டர் எழுது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் லாம்டாவாக ஒரு மேப்பில் வை. முதலில் ஜாவாவில், அப்புறம் கோட்லினில். ஜாவாவில் எந்த இன்டர்ஃபேஸை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று எனக்கு இரண்டு வரி எழுது. அடுத்த இன்டர்வியூவுக்கு அங்கிருந்தே பேசிப் பழகலாம்.