புழுக்கையை எண்ணுங்கள்

கேள்வி: வெளிநாடு போன பக்கத்து வீட்டினர் கொடுத்துவிட்டுப் போன கினிபிக், எங்களிடம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அங்கே மடியில் உட்கார்ந்து சாப்பிடுமாம். இங்கே கூண்டு மூலையை விட்டு அசைவதில்லை. தொட்டால் சிலை மாதிரி உறைந்துவிடுகிறது, பல்லை நறநறக்கிறது. ராத்திரியில் திடீரென்று எம்பிக் குதித்து உதறுகிறது, வலிப்பா? கண்ணில் பால் மாதிரி ஏதோ வடிகிறது. சிறுநீர் காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. தன் புழுக்கையைத் தானே தின்கிறது. நேற்றிலிருந்து கேரட்டைத் தொடவில்லை, புழுக்கையும் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது. மகள் விரலைக் கடித்துவிட்டது, ரேபிஸ் ஊசி போட வேண்டுமா? போன வருஷம் ஒன்று வாங்கினோம். தும்முகிறதே என்று மகளுடைய அமாக்சிசிலின் சிரப்பில் சில சொட்டு கொடுத்துப் பார்த்தோம், அப்படியும் ஐந்தாம் நாள் செத்துப்போனது. எங்கள் வீட்டுக்குப் பிராணி ராசியில்லை என்கிறார் மாமியார். இதையும் யாருக்காவது கொடுத்துவிடலாமா?

– வாசகி, தாம்பரம்

பதில்:

உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே ஒரு வரி அனுப்பியிருந்தேன்: மற்றதெல்லாம் அப்புறம், இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டினீர்கள், குடல் மந்தம் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், மூன்று நாளில் புழுக்கை பழையபடி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

ராசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் இருக்கிறது. போன வருஷம் ஒன்று போனது, இதுவும் போய்விடுமோ, நம் கையில்தான் ஏதோ கோளாறோ என்று. ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. சந்தேகப்பட வேண்டிய ஆள் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறார், அந்த சிரப் பாட்டில். "அப்படியும் செத்துப்போனது" என்று எழுதியிருக்கிறீர்கள், "அதனாலேயே" என்று எழுதியிருக்க வேண்டியதாகக்கூட இருக்கலாம்.

அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை கினிபிக்குக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. புல்லைச் செரிக்க வைப்பது அதன் பெருங்குடல் பையில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள். இந்த மருந்து முதலில் அவற்றைக் கொல்கிறது, காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட ரகம் பெருகி நஞ்சைக் கக்குகிறது, அப்புறம் பேதி, சில நாளில் முடிந்துவிடும். கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் வேறு வகை, ஆனால் செய்வது இதே வேலைதான். நம் பிள்ளைக்குத் தேன் மாதிரி இனிக்கிற அந்த ஆரஞ்சு சிரப் இந்தப் பிராணிக்கு விஷம். உங்கள் குட்டி அதனால்தான் செத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், தும்மல் என்கிறீர்கள், நிமோனியாவாகவும் இருந்திருக்கலாம், கடையிலிருந்து வரும்போதே சிலது அதோடுதான் வருகிறது. ஆனால் நோயிருந்தால் மருந்தும் அதைத் தள்ளிவிட்டிருக்கும்.

இதைப் படித்துவிட்டு அழ வேண்டாம். நான் படித்த காலத்தில் எங்களுக்குப் பாடம் மாடு, எருமை, ஆடு, கோழி, நாய். கினிபிக் என்றால் பரிசோதனைக்கூடத்து எலி, அவ்வளவுதான். தொழிலுக்கு வந்த புதிதில், தோலில் புண்ணோடு வந்த ஒன்றுக்கு, நாய்க்கு எழுதுகிற அதே பழக்கத்தில் நானே அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் அந்தப் பையன் செருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். டப்பாவைத் திறக்கவில்லை, கனத்தை வைத்தே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். எனக்கே தெரியாததை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் இனிமேல் தெரியும், இல்லையா? நாளைக்கு வேறு டாக்டர் யாராவது ஆன்டிபயாட்டிக் எழுதினால், "இது பென்சிலின் வகையா சார்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரிடம் போங்கள்.

இப்போது, நீங்கள் ஓட வேண்டியிருந்த ஒரே ஒரு வரி. கேரட்டைத் தொடவில்லை, புழுக்கை சின்னதாக இருக்கிறது. இதைப் போய் கண்ணுக்கும் ரேபிஸுக்கும் நடுவில் ஒளித்து எழுதியிருக்கிறீர்கள், அது கூண்டு மூலையில் ஒளிகிற மாதிரியே.

கினிபிக்கின் குடல் ஒரு மாவு மில் மாதிரி, இடைவிடாமல் நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் ஓடும். சாப்பாடு நின்றால் குடல் நிற்கும், குடல் நின்றால் வாயு கட்டி வலிக்கும், வலித்தால் இன்னும் சாப்பிடாது. இந்தச் சுழல் ஒரு நாளுக்குள் முற்றிவிடும். நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் நான் கவலைப்பட மாட்டேன், பூனை கிடந்தால் புருவத்தைத் தூக்குவேன், கினிபிக் அரை நாள் முழுக்க எதையுமே தொடவில்லை என்றால் நீங்கள் ஆட்டோ பிடிக்க வேண்டும். அதிலும் கஷ்டம் என்னவென்றால், காட்டில் பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகிற வம்சம் இது, நோயைக் காட்டிக்கொண்டால் முதலில் சாவது அதுதான், அதனால் கடைசி நிமிஷம் வரை நன்றாக இருப்பது போலவே நடிக்கும். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. தட்டைப் பார்க்க வேண்டும், தரையைப் பார்க்க வேண்டும்.

நல்ல புழுக்கை எப்படி இருக்கும்? அரிசி மூன்று நான்கைச் சேர்த்து உருட்டின மாதிரி, நீள்வட்டமாக, ஒரே அளவில், நசுக்கினால் லேசாகக் கொடுக்கும். ஒரு நாளைக்கு நூறுக்குக் குறையாது. குறைந்தாலோ, மிளகு மாதிரி சின்னதாகக் காய்ந்து வந்தாலோ, ஒரு முனை வாலாக இழுத்துக்கொண்டு கண்ணீர்த்துளி வடிவில் வந்தாலோ உள்ளே மில் மெதுவாகிறது என்று அர்த்தம். கூண்டில் விரித்த துணியைக் காலையில் உதறுவதற்கு முன்னால் ஒரு பார்வை பாருங்கள், அரை நிமிஷ வேலை. சமையலறைத் தராசு இருந்தால் ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து வாரம் இரண்டு தடவை, ஒரே நேரத்தில், எடை போட்டு காலண்டரிலேயே எழுதி வையுங்கள். வளர்ந்தது முக்கால் கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை இருக்கும். ஒரு வாரத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு போனால் அதற்கு அப்புறம் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்கிடையில் வயிறு மத்தளம் மாதிரி விம்மியிருந்தால் வீட்டில் எதையும் ஊட்டாதீர்கள், கிரைப் வாட்டர், ஓம வாட்டர் எதுவும் வேண்டாம், நேராக வாருங்கள்.

தண்ணீர் பாட்டிலையும் பாருங்கள். கூண்டில் தொங்கவிடுகிறீர்களே, குழாய் முனையில் எஃகு குண்டு வைத்தது, அதை விரலால் தட்டினால் ஒரு சொட்டு வர வேண்டும். பாதி நேரம் புதுப் பாட்டிலில் குண்டு சிக்கிக்கொள்ளும். பாட்டில் நிறையவே இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுவோம், அது மூன்று நாளாகக் குடிக்கவே இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

மற்றவை வேகமாக. எம்பிக் குதித்து உதறுவது வலிப்பு இல்லை, சந்தோஷம், அல்லது இளமைத் துள்ளல், சோளப்பொரி வெடிப்பது மாதிரி என்று அதை வளர்ப்பவர்கள் சொல்வார்கள். வலிப்பு வந்த பிராணி பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைக்கும், அப்புறம் மயங்கிக் கிடக்கும், இது குதித்துவிட்டுப் புல்லைத் தின்னப் போகும். கண்ணில் வரும் பால் அது முகம் கழுவுகிற தண்ணீர், முன்னங்காலில் தொட்டு முகத்தைத் தேய்க்கும், ஒரு சொட்டு வந்து போனால் விடுங்கள், நாள் முழுக்க வழிந்து இமை ஒட்டினால் மட்டும் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சிறுநீர் கால்சியம், சரி, சிவப்பாகவோ மண் மாதிரி கெட்டியாகவோ வந்தால் பார்ப்போம். புழுக்கையைத் தின்பது அசிங்கமில்லை, இரண்டாவது சாப்பாடு, முதல் தடவையில் கிடைக்காத பி வைட்டமின்களை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது, தடுத்தால்தான் கெடும். ரேபிஸ்: வீட்டுக்குள்ளேயே கூண்டில் வளர்ந்தது, நாயோ பூனையோ கடித்ததில்லை என்றால் ஊசி வேண்டாம், சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி பாக்கியிருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். இதை நீங்கள் கேட்டது நல்லது, இணையத்தில் தேடியிருந்தால் மூன்றாவது வரியிலேயே குடும்பம் முழுக்க மருத்துவமனையில் இருந்திருப்பீர்கள்.

உறைந்துபோவதும் பல் நறநறப்பதும் பயம், கூடவே கொஞ்சம் "என்னைத் தொடாதே". அதன் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். வாசனை மாறிவிட்டது, குரல் மாறிவிட்டது, காலை ஆறு மணிக்கு தலைக்குமேல் குக்கர் விசில் அடிக்கிறது, அடித்த கையோடு மேலேயிருந்து ஒரு பெரிய கை இறங்குகிறது. பருந்தும் மேலேயிருந்துதான் வரும். இரண்டு வாரம், சிலதுக்கு ஒரு மாதம்கூட, இப்படித்தான் இருக்கும். மகளிடம் சொல்லுங்கள், தூக்க வேண்டாம், கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுப் படிக்கட்டும், மடியில் கொத்தமல்லித் தழையை வைத்துக்கொள்ளட்டும். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டியை இரண்டு வாசல் வெட்டி வையுங்கள். ஒளிய இடம் இருக்கிற பிராணிதான் வெளியே வரும். கூண்டு சமையலறையிலும் வேண்டாம், பால்கனியிலும் வேண்டாம். 28 டிகிரிக்கு மேல் போனாலே இதற்குச் சிரமம், சென்னை ஏப்ரலில் பால்கனி என்பது அடுப்பு.

சாப்பாடு. கேரட், முயல் தீவனம் என்று கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கேரட் மிட்டாய், வாரத்துக்கு இரண்டு வில்லை போதும். முயல் தீவனத்தில் வைட்டமின் சி கிடையாது, முயலுக்கு அது தேவையில்லை, உடம்பே செய்துகொள்ளும். கினிபிக்குக்கும் நமக்கும் அந்தத் திறன் இல்லை. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் வேறு ஒரு நோயை ஆராயப்போய், தானியம் மட்டும் தின்ற கினிபிக்குகளுக்கு, அந்தக் காலத்து மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், வருவதைக் கண்டுபிடித்தார்கள், அந்தக் காரணத்துக்காகவும் பாவம் இது பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் மாட்டிக்கொண்டது. குறைந்தால் மூட்டு வீங்கும், நடக்க மறுக்கும், தூக்கினால் வலியில் கத்தும், "கோபக்காரப் பிராணி" என்று நாம் பெயர் வைப்போம். எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குடைமிளகாயில் விரல் நீளத் துண்டு ஒன்று, கொத்தமல்லி ஒரு கொத்து, நடுநடுவே சுண்டுவிரல் நுனியளவு கொய்யா, கணக்கு முடிந்தது. தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலக்காதீர்கள், வெளிச்சத்தில் வீணாகிவிடும், ருசி பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடும்.

ஆனால் தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான். ஆயுள் முழுக்க வளருகிற பல் அதை அரைத்துத்தான் தேயும். டிமோத்தி உலர்புல் பையில் விற்கிறது, கிடைக்காத நாளில் மருந்தடிக்காத இடத்து அருகம்புல் நன்றாகக் கழுவி. குதிரைமசால் என்கிற தீவனப்பயிர் குட்டிக்கும் சினைக்கும் சரி, வளர்ந்ததற்குக் கால்சியம் அதிகம். வைக்கோல் படுக்கைக்கு மட்டும். எதை மாற்றினாலும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், வீடு மாறிய அன்றே சாப்பாட்டையும் மாற்றியதுதான் உங்கள் வீட்டு மில் நின்றதற்குக் காரணமாக இருக்கும்.

கொடுத்துவிடலாமா என்றால், வேண்டாம். இப்போதுதான் ஒரு வீட்டைத் தொலைத்திருக்கிறது, இன்னொரு தடவை மாற்றினால் மறுபடி முதல் நாள், மறுபடி பட்டினி. அதற்குப் பதில் பக்கத்து வீட்டினருக்கு ஒரு வாட்ஸ்ஆப் அனுப்புங்கள். எந்தப் புல் போட்டீர்கள், எத்தனை மணிக்கு, கூண்டில் விரித்த துணி ஏதாவது துவைக்காமல் மிச்சம் இருக்கிறதா. கடைசியாக ஒன்று, இதற்கு ஜோடி இருந்ததா என்று மறக்காமல் கேளுங்கள். இது கூட்டமாக வாழ்கிற பிராணி, சுவிட்சர்லாந்தில் ஒற்றையாக வளர்ப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஜோடி வேறு வீட்டுக்குப் போயிருந்தால் அந்த வீட்டு நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், சேர்ப்பதற்கு முன்னால் இரண்டையும் என்னிடம் கொண்டுவாருங்கள், ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுகிறேன், கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள்.