பின்மூடியைத் திறந்தால் எதை மாற்ற முடியும்? – லேப்டாப் கேள்வி-பதில்

பள்ளி, கல்லூரி திறக்கும் காலம் நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்கள் அநேகமாக ஒரே கவலையைச் சொல்கின்றன. கையில் உள்ள தொகை கூடப்போவதில்லை. வாங்கும் லேப்டாப் ஏழெட்டு ஆண்டாவது உழைக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் படிக்கும் இரு பிள்ளைகள். மனைவி வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதுகிறார். 45 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இயலாது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், கும்பகோணம்

யார் பயன்படுத்துவார்கள், என்ன வேலை, எவ்வளவு தொகை என்று மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. முதலில் 45 ஆயிரத்திலிருந்து ஒரு 4 ஆயிரத்தைத் தனியே எடுத்து வையுங்கள். பேக்கப் எடுத்து வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கோ எஸ்.எஸ்.டி.யோ (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) இல்லாத வீட்டில் கணக்கு எழுதும் கணினி இருக்கவே கூடாது. மீதித் தொகையில் 12ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் ஐ3, இல்லையென்றால் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7530யு போன்ற பிராசஸர் (கணினியின் மூளை எனத்தக்க சில்லு) உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். எஸ்.எஸ்.டி. 512 ஜிபி, திரை முழு ஹெச்டி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத வகை) என்று கேளுங்கள். ரேம் (ஓடும் வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) இன்றைக்கு 8 ஜிபி இருந்தால் போதும், ஆனால் அது ஸ்லாட்டில் செருகியதாக இருக்க வேண்டும், பக்கத்தில் இன்னொரு ஸ்லாட் காலியாகவும் இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், 16 ஜிபிக்கு இப்போதே பணத்தைக் கொட்டாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துச் சேர்த்துக்கொள்ளும் வசதியை மட்டும் விட்டுவிடாமல் வாங்குவதே நல்லது.

டேலியில் நாள் முழுதும் எண்களை அடிப்பவருக்கு வலப்பக்கம் தனி எண் விசைகள் தேவை. அவை பெரும்பாலும் 15.6 அங்குல மாடல்களில்தான் வரும், ஆகவே 14 அங்குலத்தின் பக்கம் போகாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இருக்கிறதா என்பதையும், பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது நீங்கள் தூக்கிச் செல்ல வேண்டுமா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பில்லில் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

50 ஆயிரம் பட்ஜெட். நல்ல லேப்டாப் எது?
– வாசகர், ஈரோடு

என்ன வேலைக்கு என்று ஒரு சொல்கூட எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு நல்லதாக இருப்பது, தினமும் பேருந்தில் தூக்கிச் செல்லும் கல்லூரி மாணவிக்குப் பெரும் சுமை. வேலையை எழுதி மீண்டும் அனுப்புங்கள்.

புதிய பெட்டியில், பத்தாம் தலைமுறை ஐ7 லேப்டாப்பை 42 ஆயிரத்துக்குத் தருகிறார்கள். அதே கடையில் 12ஆம் தலைமுறை ஐ5 46 ஆயிரம். ஐ7தானே பெரியது?
– வாசகர், சேலம்

பெரியது இல்லை. ஐ3, ஐ5, ஐ7 என்ற எண் ஒரே தலைமுறைக்குள் மட்டுமே ஒப்பிடத்தக்கது. பத்தாம் தலைமுறையின் ஐ7-10510யுவில் 4 கோர்கள் (பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), 12ஆம் தலைமுறையின் ஐ5-1235யுவில் 2 பெரியவையும் 8 சிறியவையுமாக 10 கோர்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: பத்தாம் தலைமுறைச் சரக்கு பல ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்தது, அதன் பேட்டரியும் அத்தனை ஆண்டுகள் மூப்படைந்தது. 46 ஆயிரத்தையே எடுங்கள்.

ஏஎம்டி வாங்குவோரும் மாடல் எண்ணை முழுதாகப் படிக்க வேண்டும். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்கிறது. ரைசன் 5 7520யுவில் இருப்பது 2019ஆம் ஆண்டைய ஜென் 2 என்ற வடிவமைப்பு, 7530யுவில் இருப்பது அதற்கு அடுத்த ஜென் 3. அட்டையில் இரண்டுமே 'ரைசன் 5 7000 வரிசை' என்றுதான் எழுதியிருக்கும். அந்த 7520யுவுக்கு இன்னொரு குறையும் உண்டு, அது அடுத்த கடிதத்தோடு தொடர்புடையது.

'ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, 8 ஜிபி ரேம் உள்ள மெல்லிய லேப்டாப் வாங்கினேன். சர்வீஸ் சென்டரில் முடியவே முடியாது என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகி, திருநெல்வேலி

வழி இல்லை, அம்மா. இந்தப் பதிலை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இதே கடிதம் ஊர்ப் பெயர் மட்டும் மாறி மாதந்தோறும் வருகிறது.

உங்கள் லேப்டாப்பில் ரேம் ஸ்லாட்டில் செருகப்படவில்லை. மதர்போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டப்பட்டிருக்கிறது. கடைகளில் இதை ஆன்-போர்டு ரேம் என்பார்கள். விவரத்தாளில் ரேம் வகை எல்பிடிடிஆர் என்று தொடங்கினால், வீட்டு உபயோக விலையில் இன்று கிடைக்கும் லேப்டாப்புகளில் அது ஒட்டிய ரேம்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன ரைசன் 5 7520யு இந்த வகை ரேமை மட்டுமே ஏற்கும். வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றிருந்தால் ஸ்லாட் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 8 ஜிபி ஒட்டியதும் அதனுடன் ஒரு காலி ஸ்லாட்டுமாக வரும் மாடல்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்லாட்டே இல்லாத 8 ஜிபியைத்தான் நீண்ட நாள் உழைப்புக்கு வாங்காதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறேன்.

எடை குறையும், தடிமன் குறையும், மின்சாரம் மிச்சமாகும் என்று நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அந்த மில்லிமீட்டர்களுக்காக வாங்குபவர் கொடுக்கும் விலை மிகப் பெரியது. ரேம் பற்றாமல் போகும் நாளில் திரையும் விசைப்பலகையும் பிராசஸரும் நன்றாக இருக்கும்போதே முழு லேப்டாப்பையும் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அந்த ரேம் பழுதானாலோ மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள், அதற்கு ஆகும் செலவு பல மாடல்களில் புதிய லேப்டாப் விலையில் பாதியைத் தொடும். 2020 ஊரடங்கில் அண்ணன் மகளின் இணையவழி வகுப்புக்காக நானே அவசரத்தில் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். 4 ஜிபி, ஒட்டியது, ஸ்லாட் கிடையாது. மூன்றே ஆண்டில், வீடியோ வகுப்பு ஓடும்போது ஒரு ஆவணத்தைத் திறந்தால் உறைந்து நிற்கும் நிலைக்கு அது வந்துவிட்டது. விவரத்தாளை முழுதாகப் படிக்காதது என் தவறு. அட்டைப்பெட்டியின் மேல் அந்த ஒரு வரியைப் பெரிதாக அச்சிடாதது தயாரித்தவர்களின் தவறு. பிராசஸர் பெயரைத் தங்க நிறத்தில் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு 'ரேமைக் கூட்ட இயலாது' என்று அச்சிடுவது கடினமான காரியமல்ல.

வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே இதைச் சோதிக்கலாம். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'சோடிம்' என்றிருந்தால் ரேம் ஸ்லாட்டில் இருக்கிறது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ஒட்டியது. காலி ஸ்லாட் உண்டா என்பதை நிறுவனத்தின் விவரத்தாளில் முழு மாடல் எண்ணைத் தேடி உறுதிசெய்யுங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது, 'ரேமைக் கூட்டலாம்' என்று சொல்கிறாரா, பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கணினி தொடங்கும்போதே தானாக ஓடும் செயலிகளை நிறுத்துங்கள், எஸ்.எஸ்.டி.யில் கால் பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும், உலாவியில் ஐந்தாறு பக்கங்களுக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். வீட்டு வேலைக்கு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம்.

ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா?
– வாசகர், அரூர்

வேண்டாம், லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், இடிமின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

எப்போதும் சார்ஜரில் போட்டபடியே வேலை செய்கிறோம். பேட்டரி கெடுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

லித்தியம்-அயன் பேட்டரியை வேகமாக முதுமையாக்குபவை இரண்டு: வெப்பமும், நூறு சதவீதத்திலேயே நாட்கணக்கில் நிற்பதும். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் செயலியிலோ பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைத் தருகின்றன. அதை இன்றே இயக்கிவிட்டு, சார்ஜரில் போட்டபடி கவலையின்றி வேலை செய்யுங்கள். மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள், அடிப்பக்கக் காற்றுத்துளைகள் மூடி உள்ளே கொதிக்கும். டச்பேட் சற்றே மேலெழும்பித் தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று பொருள், அன்றைக்கே நிறுத்தி மாற்றிவிட வேண்டும். அதனால்தான் வாங்கும்போதே, அந்த மாடலுக்கு நிறுவனத்தின் பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கேட்கச் சொல்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் 22 ஆயிரத்துக்கு ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சீர்செய்து விற்கும்) திங்க்பேட் டி480 கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

வாங்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. நிறுவனங்களின் அலுவலகங்களுக்காகச் செய்யப்படும் இத்தகைய லேப்டாப்புகளின் கீல், விசைப்பலகை, உடல் ஆகியவை அதே தொகைக்குக் கிடைக்கும் புதிய லேப்டாப்பைவிட மிக உறுதியானவை. 2018இல் வந்த டி480இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டுகள் உண்டு, பின்பக்கப் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். ஆனால் டி480எஸ் என்று ஓர் எழுத்து கூடினால் அது வேறு லேப்டாப். அதில் ரேமின் ஒரு பகுதி ஒட்டியது, ஸ்லாட் ஒன்றுதான். மாடல் எண்ணை முழுதாகப் படியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பிராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விட்டுவிடுங்கள். பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்ட் கேட்டால் அந்த லேப்டாப் வேண்டாம். விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லி, தயாரித்தபோது இருந்த கொள்ளளவில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கும் குறைவென்றால் புதிய பேட்டரிக்கு 4 ஆயிரம் வரை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதமாவது கடை வாரண்டி, சீரியல் எண்ணுடன் பில். இவை இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

2016இல் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப் வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்கள். தூக்கிப் போடுவதா?
– வாசகர், மதுரை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது உண்மை. உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை என்பதும் உண்மை. அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இன்னும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதே இடத்தில் பொருந்தும் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகையும், எம்.எஸ். ஆபீஸுக்கு மாற்றான லிப்ரேஆபீஸும் அதில் இலவசம். பிள்ளைகளின் படிப்புக்கும் கட்டுரை எழுதுவதற்கும் நன்றாகவே உழைக்கும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது.

எம்.எஸ். ஆபீஸ் இலவசம் என்று போட்டிருக்கிறதே?
– வாசகி, திருச்சி

ஓராண்டுச் சந்தாவா, அந்த லேப்டாப் உள்ளவரைக்குமா என்று கேளுங்கள். முன்னது என்றால் அதற்காக விலையில் 500 ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

கேமிங் லேப்டாப் வாங்கினால் 'பவர்' அதிகம், நீண்ட நாள் வரும் என்கிறான் மகன்.
– வாசகர், வேலூர்

விளையாடுவதற்கென்றால் விளையாடுவதற்கு என்று வாங்குங்கள். நீண்ட ஆயுளுக்காக வேண்டாம். வெப்பமும் மின்விசிறியின் வேலையும் அதில்தான் அதிகம்.

கடலோரத்தில் வீடு. முந்தைய லேப்டாப்பின் கீல் பக்கம் பிளந்து, வயர் செருகும் துளைகளும் துருப்பிடித்துவிட்டன. அடுத்ததில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், நாகப்பட்டினம்

இரண்டும் வேறு வேறு குறைகள். கீல் பிளப்பதற்குக் காற்று காரணமில்லை. மலிவான மாடல்களில் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளைக் குமிழ்களில் நிற்கின்றன, ஒரு மூலையைப் பிடித்தே திறந்து மூடினால் அந்தக் குமிழ் பிடுங்கிக்கொண்டு வரும். கடையில் மூடியைப் பாதி திறந்து, மூலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். கிறீச்சிட்டாலோ நெளிந்தாலோ வேறு மாடலுக்குப் போங்கள். வீட்டில் எப்போதும் மூடியின் நடுப்பகுதியைப் பிடித்துத் திறக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். உப்புக்காற்றுக்குச் சன்னலோர மேசையைத் தவிர்ப்பதும், பயன்படுத்தாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பைக்குள் வைப்பதும், வாரண்டி முடிந்தபின் ஆண்டுக்கொரு முறை பின்மூடியைத் திறந்து சுத்தம் செய்வதும் போதும்.