மானம் பாத்து மலையேறுங்க: கோடை விடுமுறை வானிலை, வாசகர் கேள்வி பதில்

மே மாதம் ஒரு சனி, ஞாயிறு கொல்லிமலைக்கு ரூம் போட்டிருக்கிறோம். செல்போனில் பார்த்தால் இரண்டு நாளும் இடி, மழை என்றே காட்டுகிறது. ரத்து செய்துவிடலாமா?
– வாசகர், பெருந்துறை

ரத்து வேண்டாங்க, கிளம்பும் நேரத்தை மாற்றினால் போதும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து மலைகளில் பெய்வது பெரும்பாலும் வெயில் கிளப்பிவிடும் மழை. காலையில் பாறையும் சரிவும் சூடேற, காற்று சரிவோடு மேலே ஏறுகிறது. பதினோரு மணிவாக்கில் உச்சியில் வெள்ளை மேகம் திரளும். ஒன்றரை, இரண்டு மணிக்கு அதன் அடிப்பக்கம் கறுக்கும். மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் இடியோடு கொட்டிவிட்டு, பெரும்பாலும் இருட்டோடு ஓய்ந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் கீழே வெயில் கொளுத்துகிற அன்றுதான் மேலே இந்த மழைக்கும் தோது அதிகம்.

அரை மணி நேரம் பெய்தாலும் செல்போன் அந்த நாள் முழுவதற்கும் ஒரே இடிப் படத்தைத்தான் போடும். மணிவாரிக் கணிப்பைத் திறந்து பாருங்கள். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். உலக அளவிலான கணிப்புகள் ஏறக்குறைய 9 முதல் 25 கிலோமீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரே கணக்கைச் சொல்பவை. காரவள்ளி அடிவாரமும் மேலே செம்மேடும் ஒரே சதுரத்தில் விழுந்துவிட வாய்ப்புண்டு.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். காலையில் அனுமதிக்கும் நேரத்துக்கே போய், நண்பகலுக்குள் மேலே வந்துவிடுங்கள். அருவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல்மலையில் பெய்த தண்ணீர் வந்து சேரும். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, துணிமணியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கரையேறுங்கள்.

ரத்து செய்ய வேண்டிய நாள் வேறு. வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ காற்றழுத்தத் தாழ்வு உருவாகி அதன் மேகம் நம் பக்கம் வந்தால், மழை மணி பார்த்துப் பெய்யாது. காலையிலும் பெய்யும், இரவிலும் பெய்யும். நாமக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்று செய்தியில் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. கணிப்பு தப்பா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

தப்பில்லை. அந்தச் சொற்களுக்கு வானிலைத் துறையில் அளவு உண்டு. மாவட்டத்திலோ மண்டலத்திலோ உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்கள்’. பாதி வரை என்றால் ‘சில’, முக்கால் வரை ‘பல’, அதற்கும் மேல் ‘பெரும்பாலான’. கனமழை என்பது 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிகக் கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதி கனமழை. ஆகவே ஓரிரு இடங்களில் கனமழை என்ற நாளில் நான்கில் மூன்று ஊர் காய்ந்தே கிடக்கலாம். மலைக்குப் போகிறவர்கள் ‘ஓரிரு’ என்றாலும் மழைக்கோட்டோடு போங்கள். மேகம் முதலில் கூடுவது அங்கேதான்.

குளிருக்கு எவ்வளவு துணி எடுத்துப் போவது?
– வாசகர், பல்லடம்

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. சேலத்தில் 38 டிகிரி என்றால் ஏற்காட்டில் பகலில் 30 இருக்கும். வால்பாறைக்குப் பொள்ளாச்சி வெயிலில் ஐந்து கழித்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் என்பதால் கோவையைவிடப் பன்னிரண்டு டிகிரி குறைவு. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஒரு சால்வை போதும், ஊட்டி இரவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். மழை வந்த அரை மணியில் குளிர் சட்டென்று ஏறும். நனைந்த ஜீன்ஸ் லேசில் காயாது, குழந்தைகளுக்கு இரண்டு மாற்றுத்துணி சேர்த்து வையுங்கள். குளிருகிறதே என்று வெயிலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். தொப்பி போடுங்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு முதன்முறையாகக் கார் ஓட்டப் போகிறேன். மூடுபனியும் மழையும் வந்தால் என்ன செய்வது?
– வாசகர், உடுமலைப்பேட்டை

நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசும், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமும் பனி விளக்கும் போடுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து மினுக்கவிட்டு ஓட்டுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அது ஆபத்து. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

கண்ணாடி உட்புறம் மங்கினால் காரணம் உள்ளே இருப்பவர்களின் மூச்சும் ஈரத்துணியும். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். வெளிப்புறம் மங்கினால் ஏசி அதிகக் குளிரில் இருக்கிறது என்று அர்த்தம். குளிரைக் குறைத்து வைப்பரை ஓட்டினால் தெளியும்.

இறங்கும்போதுதான் கவனம் அதிகம் தேவை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் வளைந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குகிறவரின் கடமை. மழை விட்ட கையோடு மண்சுவருக்குக் கீழே வண்டியை நிறுத்தி டீ குடிக்காதீர்கள். ஊறிய மண்ணிலிருந்து கல் உருள்வது மழை நின்ற பிறகும் நடக்கும்.

எஸ்டேட்டில் கூடாரம் போட்டுத் தங்கலாமா? இடி மின்னலில் ஆபத்தா?
– வாசகர், ராசிபுரம்

சில்வர் ஓக் மரத்தடியில் போடாதீர்கள். கோடை மழைக்கு முன்னால் வரும் சுழல்காற்றில் அதன் கிளை சுலபமாக முறியும். கூடாரம் மின்னலுக்குக் காப்பு ஆகாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுகிற ஒவ்வொரு மூன்று விநாடிக்கும் மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கு. மின்னலைப் பார்த்த முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி காத்திருங்கள். ‘தாமினி’ செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னலைக் காட்டும்.

மே கடைசி வாரம்தான் லீவு கிடைக்கிறது. வால்பாறையா, ஏற்காடா?
– வாசகி, கரூர்

ஏற்காடு. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கும், சில ஆண்டுகளில் அதற்கு முன்பே வந்துவிடும். வால்பாறை அந்தக் காற்றுக்கு நேரே நிற்கிற மலை. பக்கத்துச் சின்னக்கல்லார் தமிழ்நாட்டில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்று. பருவமழை பிடித்துவிட்டால் காலை, மாலை என்ற கணக்கு அங்கே செல்லாது. ஏற்காடும் கொல்லிமலையும் உள்ளே தள்ளிக் கிழக்கில் இருப்பதால் அப்போதும் மாலை மழைதான்.

கடைசி நாளில் மானம் பார்த்து ஊட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் வார இறுதிக்கு நாளொன்றுக்கு 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். பாஸைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு ரூம் போடுங்கள்.